கொக்கேயின் எனும் கொடிய லாகிரி

 

கள், சாராயம், அபின் இவற்றின் கேடுகளை நம்மவர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் கொக்கேயின் என்று சொன்னால், "அது வெள்ளைக்காரர்கள் விஷயம், நமக்கென்ன?" என்று பலரும் இருந்துவிடுகிறோம். அப்படி இருக்க முடியாது. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பினாங்கு மாநிலம் பட்டர்வொர்த்தில், கரியோடு கலந்து மறைத்துக் கொண்டுவரப்பட்ட சுமார் 12 டன் கொக்கேயினைப் போலீசார் பிடித்தார்கள். நம் சரக்கு வந்து இறங்கும் துறையில்தான் அந்தச் சரக்கும் வந்து இறங்கியிருக்கிறது. ஆகவே இது என்ன பொருள், தேகத்தை என்ன செய்யும் என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

இதன் பிறப்பு

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சாரலில் கோக்கா என்றொரு செடி வளர்கிறது. நாம் வெற்றிலை மெல்வதுபோல, அம்மலை மக்கள் களைப்புத் தீர அதன் இலையை நெடுங்காலமாக மென்று வருகிறார்கள். 1860இல் ஆல்பர்ட் நீமன் என்ற ஜெர்மானிய ரசாயனி அந்த இலையின் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார். அதுவே கொக்கேயின். 1884இல் வியன்னா நகரத்து வைத்தியர் கார்ல் கோலர், கண்ணை மரத்துப்போகச் செய்து சிகிச்சை செய்ய இது உதவும் என்று காட்டினார். மருந்தாகப் புகுந்த பொருள் விரைவில் லாகிரியாக மாறியது. டச்சுக்காரர்கள் நமக்கு அண்டையிலுள்ள ஜாவாவிலேயே கோக்காவைப் பயிர்செய்து ஏற்றுமதி செய்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களில் வெற்றிலையில் வைத்தே இதைத் தின்றவர்கள் இருந்தார்கள். ஆகவே இது நமக்கு அந்நியமான நோய் அல்ல.

தூளாக இருப்பதை மூக்கில் உறிஞ்சுகிறார்கள். அதையே கற்கண்டுபோல் கட்டியாக்கிப் புகைப்பதற்குக் 'கிராக்' என்று பெயர். சூடேறும்போது படபடவென்று வெடிக்கும் ஓசையால் வந்த பெயர் அது. 1980களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் இது பரவிப் பல குடும்பங்களைச் சீரழித்தது.

இது செய்யும் கேடு

நல்ல உணவு, நல்ல செய்தி இவற்றால் மனம் மகிழும்போது மூளையில் டோப்பமின் என்ற ஒரு பொருள் சுரக்கிறது. வேலை முடிந்ததும் மூளை அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கொக்கேயின் அப்படித் திரும்ப எடுப்பதைத் தடுத்துவிடுகிறது. அதனால் இன்பம் பொங்கி வழிவதுபோல் தோன்றும். உறிஞ்சினால் அந்த இன்பம் 15 முதல் 30 நிமிடம். கிராக் புகைத்தால் 5 முதல் 10 நிமிடம்தான். பிறகு சோர்வும் எரிச்சலும் மனக்கலக்கமும் வரும். அதைப் போக்க மறுபடியும் தேடுவான். வட்டிக்கு வாங்கியவன் வட்டி கட்ட மேலும் கடன் வாங்குவதைப் போன்றது இது.

இருதயத்துக்கு இது பெரும் பகை. இரத்தக் குழாய்கள் சுருங்கும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். இரத்தம் எளிதில் உறையும். உபயோகித்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் அபாயம் சுமார் 24 மடங்கு என்று 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. வாலிபர்களையும் இது விடுவதில்லை. மதுவோடு சேர்ந்தால் ஈரலில் வேறொரு நச்சுப்பொருள் உண்டாகி, ஆபத்து இன்னும் கூடும். மூளையில் இரத்தக் கசிவு, வலிப்பு, மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாதல், கிராக் புகையால் நுரையீரல் பழுது, தூக்கமின்மை, வீண் சந்தேகம், தோலுக்கடியில் பூச்சி ஊர்வதான பிரமை ஆகியவையும் வரும். கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவமும் நேரலாம்.

ஒரு படிப்பினை

நாம் அறிந்த வியாபாரி ஒருவரின் மகன் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவன். ஓரிரவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். வாயுக்கோளாறு என்று எண்ணி ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். அடங்காமல் போகவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள். "ஏதும் உபயோகித்தாயா?" என்று வைத்தியர் கேட்டபோது, பையன் தகப்பனார் முகத்தைப் பார்த்து மௌனமாக இருந்தான். அவர் புரிந்துகொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகே அவன் உண்மையைச் சொன்னான். உண்மை தெரிந்ததால் ஏற்ற சிகிச்சை கிடைத்தது. அல்லாஹ்வின் அருளால் பிழைத்தான். "என் முகத்தைக் கண்டு அவன் வாய் அடைத்ததே காக்கா, அதுதான் எனக்குப் பாடம்" என்று அவர் பின்னர் நம்மிடம் கண்கலங்கினார். மானத்துக்கு அஞ்சி மறைத்திருந்தால் மய்யித்தைத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பார்.

நாம் செய்ய வேண்டியது

சட்டம் மிகக் கடுமையானது. சிங்கப்பூரில் 30 கிராமுக்கு மேல் கொக்கேயின் கடத்தினால் மரண தண்டனை விதிக்கப்படலாம். மலேசியாவில் 2023இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டாலும், நீதிபதி அதை விதிக்க இன்றும் இடமுண்டு. ஆகவே பிறர் கொடுக்கும் பொட்டலத்தை உள்ளே பார்க்காமல் வாங்கிச் செல்லாதீர்கள். ஊருக்குப் போகும் சிப்பந்திகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். முன்பின் தெரியாதவருக்காக உங்கள் பெயரில் சரக்கு இறக்காதீர்கள்.

நெஞ்சுவலி, வலிப்பு, உடல் கொதிப்பு கண்டால் தாமதிக்காமல் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வைத்தியரிடம் எதையும் மறைக்காதீர்கள். இப்பழக்கத்தைத் தீர்க்கும் தனி மருந்து எதுவும் இதுவரை அங்கீகரிக்கப்படவில்லை. எனினும் ஆலோசனையாலும் முறையான பயிற்சியாலும் மீண்டவர்கள் உண்டு. மலேசியாவில் தாமே முன்வந்து சிகிச்சை பெறத் தேசியப் போதைப்பொருள் ஒழிப்பு நிறுவனத்தை நாடலாம்.

திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 90ஆம் வசனம் மதுவையும் சூதையும் ஷைத்தானின் வேலையென்று விலக்குகிறது. அறிவை மயக்கும் எதுவும் அந்த வகையே; சிறிதென்றாலும் ஹராமே. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதோடு, தவறினாலும் நம்மிடம் வந்து சொல்லலாம் என்ற தைரியத்தையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இரவு கல்லாவை எண்ணிப் பூட்டுகிறோம். பிள்ளை வீடு வந்தானா, எந்த முகத்தோடு வந்தான் என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுப்போமாக.

அல்லாஹ் நம் சந்ததிகளைக் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.