வயர் இல்லாத போனுக்கு வயர் எங்கே போக வேண்டும்?

"ஆபீஸ் முழுக்கக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே பேசுகிற மாதிரி போன் வேண்டும். வயர் வேலை எதுவும் வேண்டாம்." கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கி முடித்த சிறிய அலுவலகங்களில் அடுத்து வருகிற ஆசை இதுதான். முதல் பாதி நிறைவேறும். இரண்டாவது பாதி நடக்காது. வயர்லெஸ் போனில் வயர் இல்லாத பகுதி, கையில் உள்ள போனுக்கும் சுவரில் உள்ள பெட்டிக்கும் நடுவே இருக்கும் சில பத்து மீட்டர்தான். அந்தப் பெட்டி வரைக்கும் கேபிள் போயே ஆக வேண்டும். பெட்டியை எங்கே மாட்டுவது, கேபிளை எப்படிக் கொண்டுபோவது என்பதை இங்கே பார்ப்போம்.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். தகர ஷீட் போட்ட ஷெட்டுக்குள்ளும் தடித்த சுவர்களுக்கு நடுவிலும் செல்போன் சிக்னல் பல இடங்களில் தடுமாறும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. செல்போன் நம்பர் ஆளுக்குச் சொந்தம். எக்ஸ்டென்ஷன் நம்பர் இடத்துக்குச் சொந்தம். 24 என்று அழுத்தினால் கோடவுன் எடுக்க வேண்டும். அங்கே எந்த ஷிப்டில் யார் இருக்கிறார்கள் என்று அழைப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட போன்களில் பெரும்பாலானவை டெக்ட் என்ற முறையில் இயங்குகின்றன. 1992-ல் ஐரோப்பாவில் வெளியான தரம் இது. இந்த முறையில் நேரம் 10 மில்லி செகண்ட் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் மீண்டும் 24 துண்டுகளாகும். 12 போவதற்கு, 12 வருவதற்கு. ஒரு பேச்சுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு போதும். சுவரில் மாட்டும் பெட்டிக்கு பேஸ் ஸ்டேஷன் என்று பெயர். கட்டடத்துக்குள் சுமார் 50 மீட்டர், திறந்த வெளியில் சுமார் 300 மீட்டர் வரை இது எட்டும் என்று சொல்வார்கள். கட்டடத்துக்குள் உள்ள 50-ஐ அப்படியே நம்ப வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் இருந்து வரும் உறவினர் "டெக்ட் 6.0" என்று அச்சிட்ட போனைப் பரிசாகக் கொண்டு வந்தால், நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். அது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இந்தியாவில் அந்த அலைவரிசை செல்போன் கம்பெனிகளின் 3ஜி சேவைக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே இந்தப் போனைப் பயன்படுத்துவது சட்ட விரோதம். நம் நாட்டில் டெக்ட் போன்கள் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸில் இயங்க வேண்டும்.

மேலூர் டவர் சொல்லும் பாடம்

இந்த டெக்ட் தரத்தை நம் ஊர்க்காரர்கள் வேறு விதமாகப் பயன்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யின் டெநெட் குழு, பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று, மிடாஸ் கம்யூனிகேஷன் மற்றும் அனலாக் டிவைசஸ் நிறுவனங்களுடன் சேர்ந்து கார்டெக்ட் என்ற கருவியை உருவாக்கியது. 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் "சாரி" திட்டத்தின் கீழ் இன்டர்நெட் மையங்கள் இந்தக் கருவியை வைத்தே தொடங்கப்பட்டன. ஒரே இணைப்பில் பேச்சும், 35 அல்லது 70 கே.பி.பி.எஸ். வேகத்தில் இன்டர்நெட்டும் கிடைத்தன. மையங்களில் பல சில வருடங்களில் மூடப்பட்டன. அது வேறு கதை.

நமக்கு வேண்டியவை இரண்டு. கட்டடத்துக்குள் 50 மீட்டர் என்று சொல்லப்படும் அதே தரம், டவர் மேல் பேஸ் ஸ்டேஷனும் கிராமத்துக் கூரை மேல் ஆன்டெனாவும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தபோது 10 கிலோமீட்டர் வரை போனது. ஆக, தூரத்தை விட நடுவில் என்ன நிற்கிறது என்பதே பெரிய கேள்வி. திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அந்தப் பக்கத்து டவர் பக்கத்தில் இருந்தாலும் பயனில்லை. இரண்டாவது, டவர் உச்சியில் இருந்த பேஸ் ஸ்டேஷனுக்குக் குரலையும் மின்சாரத்தையும் சாதாரண முறுக்கிய செப்புக் கம்பி ஜோடிகளே கொண்டுபோயின. இன்றைய ஆபீஸ் பேஸ் ஸ்டேஷனும் இதைத்தான் செய்கிறது. கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் வருகிறது. இதற்குப் பி.ஓ.இ. என்று பெயர். இதனால் பெட்டி மாட்டும் இடத்தில் பிளக் பாயிண்ட் தேவையில்லை. வசதியான இடத்தை விட்டுவிட்டுச் சரியான இடத்தில் மாட்டலாம்.

எந்த மூலையில் இருந்து தொடங்குவது?

திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் போகும் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு இந்த வேலைக்காகப் போயிருந்தேன். முன்னால் ஆபீஸ், அதையொட்டி 110 மீட்டர் நீள ஷெட், அதன் பின்னால் 40 மீட்டர் தள்ளிப் பஞ்சு கோடவுன். விற்பனைக்கு வந்தவர் மூன்று பேஸ் ஸ்டேஷன்கள் குறித்துக் கொடுத்திருந்தார். மூன்றும் ஆபீஸ் பக்கத்திலேயே இருந்தன. பிளக்கும் கம்ப்யூட்டரும் அங்கேதானே இருக்கின்றன! நான் சூப்பர்வைசரிடம், "அண்ணே, ராத்திரி எந்த இடத்தில் போன் எடுக்கவில்லை என்றால் உங்களுக்குத் தூக்கம் கெடும்?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கோடவுன் கடைசி மூலைதான் தம்பி. அங்கே வாட்ச்மேன் ஒருத்தர்தான் இருப்பார். பேல்ல ஒரு பொறி பட்டா, அவர் ஓடி வந்து சொல்றதுக்குள்ள பாதி போயிரும்."

திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மேனேஜர் ரூமில் எப்படியும் சிக்னல் கிடைத்துவிடும்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு பேஸ் ஸ்டேஷனை ஏணி உச்சியில் கட்டி மின்சாரம் கொடுங்கள். இந்த வகைப் போன்களில் பலவற்றில் சிக்னல் அளவைக் காட்டும் மெனு இருக்கும். அளவு டி.பி.எம். என்ற கணக்கில், மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 60 என்பது மைனஸ் 75-ஐ விட நல்லது. 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். 3 குறைந்தால் பாதி. மைனஸ் 70-க்குக் கீழே போகும் இடங்களை நான் சிவப்புப் பென்சிலால் குறிப்பேன். கட்டடத்தின் வரைபடத்தை ஒரு கிராப் பேப்பரில் வரைந்துகொண்டு நடந்தபடியே எழுதுங்கள்.

போனைக் காதில் வைத்து, பேஸ் ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டி நின்று அளக்க வேண்டும். நம் உடம்பில் உள்ள தண்ணீர் இந்த அலைகளை நன்றாகவே விழுங்கும். கையை நீட்டிப் பிடித்து அளந்தால் கிடைப்பது அழகான எண் மட்டுமே. யாரும் அப்படிப் பேசுவதில்லை. அதேபோல் கதவுகளை மூடிவிட்டு அளக்கவும். அந்தக் கோடவுனில் ரோலிங் ஷட்டர் திறந்திருந்தபோது மைனஸ் 66 காட்டிய இடம், ஷட்டரை இறக்கியதும் மைனஸ் 81 ஆனது. வாட்ச்மேன் இருக்கும் நேரத்தில் ஷட்டர் மூடித்தான் இருக்கும். சரக்கு நிறைந்திருக்கும் மாதத்தில் அளப்பது இன்னும் நல்லது.

திண்டுக்கல் ஆட்கள் இரும்பு விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்கும், இரும்புப் பெட்டிக்கும் பெயர் போன ஊர் இது. நாகல்நகர் பக்கம் ஒரு கடையில் வரிசையாக நிற்கும் இரும்புப் பெட்டிகளும் பீரோக்களும் சேர்ந்து ரேடியோவுக்கு ஒரு கோட்டைச் சுவரையே எழுப்பிவிடும். செங்கல் சுவர் அலையைக் குறைக்கும். இரும்புத் தகடு திருப்பியே அனுப்பிவிடும். ஆகவே பேஸ் ஸ்டேஷனை பீரோ மேல் வைக்காதீர்கள். சுவரில், சாமான்களின் தலைக்கு மேலே மாட்டவும்.

இனி பலரும் தவற விடுகிற இடம். ஒன்றுக்கு மேற்பட்ட பேஸ் ஸ்டேஷன்கள் இருந்தால், பேசிக்கொண்டே நடப்பவரை ஒன்று அடுத்ததிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு எல்லாப் பெட்டிகளும் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும். கோலாட்டத்தில் இருவர் கோலும் ஒரே நேரத்தில் வந்தால்தானே தட்ட முடியும்? பல சிஸ்டங்களில் ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டியின் ரேடியோவைக் கேட்டே தாளத்தைச் சரி செய்துகொள்கிறது. அதாவது உங்கள் போனுக்குப் பெட்டி கேட்டால் மட்டும் போதாது. பெட்டிக்குப் பெட்டியும் கேட்க வேண்டும். கோடவுனில் தனியாக ஒன்றை மாட்டிவிட்டு, அதற்கும் ஷெட்டுக்கும் நடுவே இரும்பு ஷட்டர் இருந்தால், நடந்து போகும்போது பேச்சு அறுந்துவிடும். கேபிள் வழியாகத் தாளம் கொடுக்கும் சிஸ்டங்களும் உண்டு. அதற்கு நெட்வொர்க் சுவிட்ச்சும் தரமானதாக இருக்க வேண்டும். மில்லில் நாங்கள் ஷட்டருக்கு மேலே இருந்த காற்றுத் துவாரத்துக்கு நேராகக் கோடவுன் பெட்டியை மாட்டினோம். ஷெட்டின் பின்கோடியில் இருந்த பெட்டியை அது அந்தத் துவாரம் வழியாகக் கேட்டுக்கொண்டது. ஆபீஸில் ஒன்று, ஷெட் நடுவில் ஒன்று, பின்கோடியில் ஒன்று, கோடவுனில் ஒன்று என நான்கு வந்தன.

கேபிள் கணக்கு

பேஸ் ஸ்டேஷனுக்குப் போகும் நெட்வொர்க் கேபிள் மொத்தம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. சுவரோடு போவது 90, இரு முனையிலும் செருகும் சிறு கேபிள்களுக்கு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் அளந்தால் மட்டும் போதாது. மில்லில் ஷெட்டின் நடுப்பகுதி ஆபீஸ் சுவிட்ச்சில் இருந்து தரைக்கணக்கில் 75 மீட்டர். கேபிள் மேலே ஏற 4, இறங்க 4, கையிருப்பாகச் சுருட்டி வைக்க 3 சேர்த்தால் 86. இது சரி. பின்கோடிக்கு அதே கணக்கு 141 வந்தது. அங்கே செப்புக் கேபிளை இழுத்தால் இணைப்பு நம்பகமாக இருக்காது. எனவே ஆபீஸில் இருந்து பைபர் கேபிள் இழுத்து, பின்கோடி மெயின்டனன்ஸ் ரூமில் இன்னொரு சிறிய பி.ஓ.இ. சுவிட்ச் வைத்தோம். கோடவுன் தனிக் கட்டடம் என்பதால் அதற்கும் பைபர்தான். ஐப்பசி மழையில் இடி இடிக்கும்போது, இரண்டு கட்டடங்களை இணைக்கும் செப்புக் கம்பி மின்னலின் பாதிப்பை உள்ளே கூட்டி வரும். பைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது.

கடையில் கேபிள் வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். உள்ளே உள்ள மெல்லிய கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது செப்பு முலாம் பூசிய அலுமினியம். விலை குறைவு, ஆனால் மின்தடை அதிகம். நீளம் கூடக் கூட மின்சாரம் வழியிலேயே வீணாகி, பேஸ் ஸ்டேஷன் விட்டு விட்டு ரீஸ்டார்ட் ஆகும். முழுச் செப்பு என்று கேட்டு வாங்கவும். மோட்டார்களுக்குப் போகும் மூன்று பேஸ் வயர்களுடன் ஒரே பைப்பில் இதைச் செருக வேண்டாம். ஓர் அடியாவது தள்ளிப் போகட்டும். குறுக்கே கடக்க வேண்டுமானால் நேர்க் கோணத்தில் கடக்கவும். அணிலும் எலியும் இருக்கும் இடத்தில் பி.வி.சி. பைப் கட்டாயம். இரண்டு முனையிலும் நம்பர் எழுதி ஒட்டுங்கள்.

கரண்ட் போனால்?

பழைய லேண்ட்லைன் போன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் இயங்கியது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசலாம். இந்தப் போன்களுக்கு அந்த வசதி இல்லை. கணக்கைப் பாருங்கள். பேஸ் ஸ்டேஷன் நான்குக்குச் சுமார் 20 வாட், இரண்டு சுவிட்ச்சுக்கு 25, கோடவுனில் பைபரைக் கேபிளாக மாற்றும் கருவிக்கு 5, இன்டர்நெட் மோடமும் போன் எக்ஸ்சேஞ்ச் பெட்டியும் 25. மொத்தம் 75 வாட். (உங்கள் கருவிகளின் லேபிளைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.) 12 வோல்ட், 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரியில் 1800 வாட்-அவர் இருக்கிறது. இழப்பு போகச் சுமார் 1000 கைக்கு வரும் என்று வைத்தால் 13 மணி நேரம் ஓடும். பேட்டரி போதும். ஆனால் இன்வெர்ட்டர் லைன் ஆபீஸோடு நின்றுவிட்டால் மெயின்டனன்ஸ் ரூமும் கோடவுனும் செத்துவிடும். அந்த இரண்டு இடத்துக்கும் இன்வெர்ட்டர் லைனை இழுக்கச் சொன்னபோது எலக்ட்ரீசியன் முகம் சுளித்தார். இழுத்தார்.

மூன்று ரூம் மட்டும் உள்ள ஆபீஸ் என்றால் இத்தனையும் வேண்டாம். கடையில் கிடைக்கும் ஒரே பேஸ் கொண்ட கார்ட்லெஸ் போனை நடு ரூமில் உயரமாக மாட்டுங்கள், பணம் மிச்சம்.

பெரிய இடம் என்றால், எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒருநாள் இரவு மெயின் சுவிட்ச்சை இறக்கிவிட்டு, ஷட்டரையும் மூடிக்கொண்டு, அந்தக் கடைசி மூலையில் இருந்து ஆபீஸுக்கு ஒரு கால் போடுங்கள். பிறகு பேசிக்கொண்டே ஆபீஸ் வரை நடந்து வாருங்கள். போன் "தேடுகிறது" என்று காட்டினால், வழியில் உள்ள ஏதோ ஒரு பெட்டி இன்வெர்ட்டர் லைனில் சேரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு, விளக்கு எரியாத பெட்டி எது என்று பாருங்கள்.