ஓர் 'எஸ்' செய்த வேலை

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட ஒன்றரை அணா ஸ்டாம்புகள் இரண்டு கிடைத்தன. இரண்டும் ஒரே நிறம். ஒரே வகைதானா?
– வாசகர், பாலகாட், கோலார் தங்கவயல்

பதில்: சாக்லேட் நிறமா? அப்படியானால் விலையை எழுத்தால் அச்சடித்த வரியைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். 1919-இல் வந்ததில் 'ஒன் அண்ட் எ ஹாஃப் அணா' என்று ஒருமையில் நின்றுவிட்டது. 1921-இல் கடைசியில் ஓர் 'எஸ்' சேர்த்து 'அணாஸ்' ஆக்கினார்கள். படம், நிறம் எதுவும் மாறவில்லை. வகை மட்டும் இரண்டாகிவிட்டது!

ரோஜா நிறமானால் வெளிச்சத்தில் பிடித்து வாட்டர்மார்க் பார்க்கலாம். ஸ்டாம்புக்கு ஒற்றை நட்சத்திரம் என்றால் லண்டன் அச்சு. சின்னச் சின்னதாய்ப் பல என்றால், 1926 முதல் நாசிக்கில் அச்சானது.

உறையோடு இருந்தால் தயவுசெய்து பிய்க்க வேண்டாம். மாரிகுப்பம் என்றோ சாம்பியன் ரீப் என்றோ முத்திரை விழுந்திருந்தால், தங்கச் சுரங்க ஊரின் தபால் வரலாறும் அதில்தான் ஒட்டியிருக்கிறது.