வணிகத் தலைமைக் கல்வியும் நெய்வேலி புகட்டும் பாடமும்

தமிழிலக்கியம் பயின்றோர் ஆசிரியப் பணிக்கன்றி வேறெதற்கும் உரியரல்லர் என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. இது பிழையான எண்ணமாகும். எம்.பி.ஏ. என வழங்கும் வணிக மேலாண்மை முதுகலைப் படிப்பில் எத்துறைப் பட்டதாரியும் சேரலாம். உரிய மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். 1908இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் தோன்றிய இப்படிப்பு இன்று உலகெங்கும் பரவியுள்ளது. 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் நிறுவப்பெற்ற இந்திய மேலாண்மைக் கழகங்களின் வரிசையில், 2011இல் திருச்சிராப்பள்ளியும் இடம்பெற்றது.

கணக்கியல், நிதி, சந்தை, மனிதவளம் ஆகியன இவ்விரண்டாண்டுப் படிப்பின் பாடங்கள். ஆயினும், உண்மை நிகழ்வொன்றை முன்வைத்து, 'இங்கு நீவிர் தலைவராயின் யாது செய்வீர்?' என வினவும் பயிற்சியே அதன் உயிர்நாடி எனலாம்.

அவ்வினாவை நெய்வேலியை முன்வைத்து எழுப்பிப் பார்ப்போம். 1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டதோ 1961இல்தான். வருவாயின்றி நான்காண்டுகள் மண்ணகழக் 'காலமறிதல்' வேண்டும். நிலக்கரிப் படுகையின் கீழே பேரழுத்தமுடைய நிலத்தடி நீர் உள்ளது. அதனை இடைவிடாது இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் பிளந்து நீர் பீறிடும். இங்கு வேண்டுவது 'வலியறிதல்'. பொறியாளர் முதல் தொழிலாளர் வரை உரியவரிடம் உரிய பணியை ஒப்படைப்பது 'தெரிந்துவினையாடல்'. இம்மூன்றும் திருக்குறளின் அதிகாரத் தலைப்புகளே என்பதை மாணவர் அறிவர்.

எனினும், ஏட்டுக் கணக்கில் அடங்காத செலவொன்றும் உண்டு. சுரங்கத்திற்காக நிலமும் வீடும் இழந்த குடும்பங்கள் பல. 2023இல் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களினூடே கால்வாய் வெட்டப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. இழப்பீட்டுத் தொகை வழங்கியதோடு தலைவரின் கடமை முடிந்ததா? பயிர் அறுவடையாகும்வரை காத்திருத்தலும் காலமறிதலின் பாற்படாதா? வகுப்பறையில் விவாதிக்கத்தக்க வினாக்கள் இவையே.

பிறர் துயரைத் தம் துயராய் உணர இலக்கியம் நம்மைப் பழக்கியுள்ளது. அவ்வுணர்வோடு கணக்கறிவையும் ஆங்கிலப் பயிற்சியையும் சேர்த்துக் கொள்ளுங்கள், மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் ஒப்பமிடும் கோப்பின் மறுபுறத்தில், ஓர் உழவரின் வயலும் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்.