வயலுக்குப் போகும்போது பென்சிலும் கொண்டு போங்கள்

ஆரணி வட்டாரத்தில் சம்பா நட்ட வயல்கள் தூர் கட்டும் சமயத்தில் விவசாயிகள் அதிகமாகக் கேட்கும் கேள்வி, "பச்சையாகப் பூச்சி பறக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். பதில் சொல்லுமுன் நான் ஒரு எதிர்க்கேள்வி கேட்பது வழக்கம். "அந்தப் பூச்சிக்கு மீசை எவ்வளவு நீளம்?" என்பேன். கேட்டவர் சிரிப்பார். நான் விளையாட்டுக்குக் கேட்பதில்லை. அந்த மீசையைப் பார்க்காமல் விட்டதால் ஒரு ஏக்கர் நெல் கருகிப் போனதைக் கண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் வேறு யாருமல்ல, நானேதான்.

சுமார் முப்பது வருஷங்களுக்கு முன்பு, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் தீப்பெட்டியில் நாலு பச்சைப் பூச்சிகளைப் போட்டுக் கொண்டு வந்தார். வீட்டில் பட்டுத் தறி. கிணற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நெல். நான் தீப்பெட்டியைத் திறந்தேன், மூடினேன். "பச்சை தத்துப்பூச்சி" என்று சொல்லி ஒரு மருந்தையும் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அவர் வயலைப் போய்ப் பார்த்தபோது, பயிர் வட்டம் வட்டமாகப் புகைந்தது போல் காய்ந்து கிடந்தது. புகையான்! அந்த வருஷம் அந்த வீட்டில் தறிக் கூலிதான் சோறு போட்டது.

அவர் கோபித்துக் கொள்ளவில்லை. "சார், நாங்க ஒரு புட்டா போடறதுன்னாகூட முதல்ல கட்டத்தாளில எழுதிப் பார்த்துட்டுத்தான் தறியில ஏத்துவோம். நீங்க ஒரு நிமிஷம் பார்த்துச் சொல்லியிருக்கலாம்" என்றார். அன்று இரவு அந்தத் தீப்பெட்டியைத் தேடி எடுத்து லென்ஸில் வைத்துப் பார்த்து வரைந்தேன். கால் மணி நேரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. அவை தத்துப்பூச்சிகளே அல்ல. புகையானின் முட்டையைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சிகள். காவலாளியைக் கொல்ல நானே மருந்து எழுதிக் கொடுத்திருந்தேன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே விவரமாகவே சொல்லிவிடுகிறேன். இரண்டும் பச்சை நிறம். இரண்டும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அளவுதான். பச்சை தத்துப்பூச்சி ஆப்பு வடிவம் கொண்டது. பயிரைத் தட்டினால் தத்தும், பக்கவாட்டிலும் நகரும். அதன் உணர்கொம்பு, அதாவது மீசை, கண்களுக்கு நடுவே மயிரிழை போல மிகச் சிறியது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மிரிட் நாவாய்ப்பூச்சி சற்று மெலிந்தது. தலையிலும் கழுத்துப் பக்கத்திலும் கறுப்பு இருக்கும். அதன் மீசை நீளமாக, கணுக்கணுவாக நன்றாகத் தெரியும். தத்தாமல் தூருக்குத் தூர் ஓடியபடி இலையுறைக்குள் இருக்கும் முட்டைகளைத் தேடும். ஒரு நாளைக்கு 7 முதல் 10 முட்டைகள் வரை உறிஞ்சிவிடும். இந்தப் பூச்சியையும் சிலந்தியையும் மருந்தால் கொன்றுவிட்டால், தண்டுக்குள் முட்டையாகத் தப்பிய புகையான் பொரித்து, தடுப்பாரில்லாமல் பெருகும். குயினால்பாஸ், செயற்கை பைரித்ராய்டு போன்ற மருந்துகளை நெல்லில் தெளித்தால் புகையான் குறைவதற்குப் பதில் கூடுவது இதனாலும்தான்.

பூச்சியை வரையச் சொல்வது என் சொந்த யோசனை அல்ல. இந்தோனேசியாவில் புகையான் நெல்லை அழித்தபோது, 1986-ல் அந்நாட்டு ஜனாதிபதி நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். பிறகு 1989 முதல் அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் நடந்தன. வாரம் ஒரு நாள் விவசாயிகள் வயலில் இறங்கிப் பார்த்துவிட்டுக் கரையேறி, பெரிய தாளில் படம் போடுவார்கள். நடுவில் நெற்பயிர், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகள், மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சிகள், மேலே அன்றைய வெயில் அல்லது மேகம். படத்தைப் பார்த்துத்தான் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். 1990-களில் இந்த முறை நம் நாட்டுக்கும் வந்தது. வாரத்துக்கு ஒரு நாள் கூட்டமாகச் செய்வதை நீங்கள் தினம் பத்து நிமிஷம் தனியாகச் செய்யலாம் என்பதுதான் நான் சொல்வது.

வேண்டியவை பென்சில், கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ். காலையில் பனி காயுமுன் பூச்சிகள் மந்தமாக இருக்கும், அப்போது போங்கள். ஒரு நாளைக்கு ஒரு பூச்சி போதும். ஆரணியில் தறி உள்ளவர்களுக்குக் கட்டத்தாள் புதிதல்ல. பூச்சியின் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு கட்டம் என்று வைத்துக் கொண்டால் 4 மில்லிமீட்டர் பூச்சி எட்டுக் கட்டத்தில் அடங்கும். முதலில் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதிகளைப் போட்டுக் கொள்ளுங்கள். கால்கள் மார்பிலிருந்துதான் கிளம்பும், எண்ணிப் போடுங்கள். ஆறு கால் என்றால் பூச்சி. எட்டு என்றால் சிலந்தி அல்லது செம்பேன் வகை. கடைசியாக மீசை. அவசரப்படுபவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், என்னைப் போல.

படம் அழகாக இருக்க வேண்டும் என்ற கவலையே வேண்டாம். என் முதல் படங்களைப் பார்த்து என் மகளே சிரித்திருக்கிறாள். படத்தின் ஓரத்தில் தேதி, பயிரின் வயது, பூச்சி தூரில் இருந்ததா இலையில் இருந்ததா, என்ன செய்து கொண்டிருந்தது என்று எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள். அத்துடன் பத்துக் குத்துகளைப் பிரித்துப் பார்த்து எண்ணிக்கையையும் குறித்துக் கொள்ளுங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் என்ற அளவு வந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். சிலந்தியை எண்ணாமல் புகையானை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்கு.

கைபேசியில் படம் பிடித்தால் ஆகாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பிடியுங்கள், எங்களுக்கு அனுப்ப அது நல்லதுதான். ஆனால் கைபேசி பார்த்ததே தவிர நீங்கள் பார்க்கவில்லை. கால் எத்தனை என்று படம் பிடித்தவரைக் கேட்டால் மறுபடி படத்தைத்தான் பார்க்கிறார். வரைந்தவர் பார்க்காமல் சொல்லிவிடுகிறார்.

பட்டு நெய்யும் ஊருக்கு இன்னொரு தகவல். ஜெர்மனியில் 1647-ல் பிறந்த மரியா சிபில்லா மெரியன் என்ற பெண்மணி, பதின்மூன்று வயதில் பட்டுப்புழுவை வளர்த்து வரையத் தொடங்கினார். சேற்றிலும் அழுக்கிலும் தானாகவே பூச்சி உண்டாகிறது என்று பலர் நம்பிய காலம் அது. முட்டை, புழு, கூடு, அந்துப்பூச்சி என்று படிப்படியாக அவர் வரைந்த படங்கள் 1679-ல் புத்தகமாக வந்தன. தன் கண்ணால் பார்த்ததைத்தான் அவர் வரைந்தார்.

நெல்லை விட்டால் நம் பக்கம் மானாவாரி நிலக்கடலை. கடலையில் சிவப்புக் கம்பளிப்புழுவுக்கு இந்த நோட்டு மிகவும் உபயோகப்படும். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடப்பது நல்ல மழை பெய்ததும் அந்துப்பூச்சியாக வெளிவந்து இரவில் விளக்கைத் தேடும். வெள்ளை இறக்கை, அதன் முன் ஓரத்தில் மஞ்சள் கோடு. மழை பெய்த தேதியையும் விளக்கடியில் முதல் பூச்சியைக் கண்ட தேதியையும் அந்தப் படத்தின் பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டு வருஷக் குறிப்பு சேர்ந்துவிட்டால், எந்த மழைக்குப் பிறகு விளக்குப்பொறி வைப்பது, எப்போது இலைக்கு அடியில் உள்ள முட்டைக் குவியலைக் கிள்ளி அழிப்பது என்பது உங்கள் நோட்டிலேயே இருக்கும். கேள்விக்குறி போட்ட பக்கங்களை மட்டும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு எடுத்துக் கொண்டு போங்கள். பூச்சியைத் தீப்பெட்டியில் கொண்டு போனாலும் சரிதான். ஆனால் பெயர் சொல்பவர் லென்ஸை எடுக்கிறாரா என்று பாருங்கள்.