பழைய டிஜிட்டல் கேமரா: சொல்ற விலை வேற, ஆகுற செலவு வேற

சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர் போறதுக்கு முன்னாடி ஒரு பழைய குட்டி டிஜிட்டல் கேமரா வாங்கணும்னு ஆசையா? தாராளமா வாங்கலாம். ஆனா விளம்பரத்துல போட்டிருக்கிற விலையை வச்சு பட்ஜெட் போடாதீங்க.

ஒரு உதாரணக் கணக்கு: கேமரா ரூ.3,000, பேட்டரி ரூ.600, சார்ஜர் ரூ.500, மெமரி கார்டு ரூ.400. மொத்தம் ரூ.4,500. சொன்ன விலையைவிட 50% அதிகம்!

பணம் கொடுக்கும் முன் மூணு விஷயம் பாருங்க.

1. கார்டு: எஸ்டிஎச்சி வந்தது 2006-ல். அதுக்கு முந்தின மாடல்கள் 2 ஜிபிக்கு மேல பெரும்பாலும் ஏத்துக்காது. பழைய சோனிக்கு மெமரி ஸ்டிக், பழைய ஒலிம்பஸுக்கு எக்ஸ்டி கார்டு. ரெண்டையும் இப்போ தேடித்தான் பிடிக்கணும்.

2. பேட்டரி: கேனான் பவர்ஷாட் ஏ வரிசையில பல மாடல்கள் சாதாரண ஏஏ செல்லிலேயே ஓடும். தனி பேட்டரி, சார்ஜர் செலவு மிச்சம்.

3. லென்ஸ்: ஆன் பண்ணி, ஜூம் பண்ணி, ஆஃப் பண்ணுங்க. கரகரன்னு சத்தம் வந்தாலோ, பாதியில நின்னாலோ விட்டுடுங்க. ரிப்பேர் செலவு கேமரா விலையையே தாண்டலாம்.

வாங்கின பிறகும் கவனம் தேவை. கடற்கரை மணல் லென்ஸ் இடுக்குல போனா அது சிக்கிக்கும். படம் எடுத்ததும் ஆஃப் பண்ணி ஜிப் கவர்ல போடுங்க.

நல்லா வச்சிருந்து, அடுத்த வருஷம் ரூ.2,500-க்கு வித்தா உங்க உண்மையான செலவு ரூ.2,000 மட்டும்தான். லென்ஸ் சிக்கினா ரூ.4,500-ம் போச்சு. அதனால இதுக்கு இஎம்ஐ வேண்டாம். கையில மிச்சம் இருக்கிற காசுல மட்டும் வாங்குங்க.