பெரிய மனுஷி ஆவது எப்போது?



முன்னுரை:
நம்ம பக்கம் ஒரு பொண்ணு வயசுக்கு வந்தால் 'பெரிய மனுஷி ஆயிட்டா' என்று சொல்வார்கள். தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டுவார். சீர்வரிசை வரும். மஞ்சத் தண்ணி ஊத்துவார்கள். இப்போது தெருமுனையில் போட்டோ போட்டு பேனர்கூட வைக்கிறார்கள். ஆனால் அந்த ஒரே நாளில் ஒருத்தி பெரியவள் ஆகிவிட முடியுமா? நான் படித்ததையும் பார்த்ததையும் எழுதுகிறேன். பையன்களும் படியுங்கள், உங்களுக்கும் இதில் சேதி இருக்கு.

உடம்பு சொல்வது:
மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அது சினைப்பையைத் தூண்டுகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அதனால்தான் உடம்பு மாறுகிறது. ஒருத்திக்கு 11 வயசில் வரும், இன்னொருத்திக்கு 15 வயசில் வரும். ரெண்டும் இயல்புதான். ஆனால் வளர்ச்சி அதோடு முடிந்துவிடாது. இடுப்பு எலும்பு அதற்குப் பிறகும் வளர்கிறது. யோசித்து முடிவு எடுக்க உதவும் மூளையின் முன்பகுதி 20 வயசைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. பையன்களுக்கு மீசை முளைப்பதும் இதுபோல ஆரம்பம்தான்.

தமிழ் சொல்வது:
பெண்ணுக்கு ஏழு பருவம் என்று தமிழில் சொல்வார்கள். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். 14 வயசு ஆனதால் நான் இப்போது மடந்தை. கடைசிப் பருவம் 40 வயசு வரைக்கும். அதிலும் 'இளம்' என்ற சொல் இருக்கிறது, கவனித்தீர்களா!

சட்டம் சொல்வது:
1929-ல் வந்த சாரதா சட்டம் 14 வயசுக்குக் கீழே உள்ள பெண்ணுக்குக் கல்யாணம் செய்யக் கூடாது என்றது. அப்போது நான் இருந்திருந்தால் அந்தச் சட்டம் என்னைக் காப்பாற்றியிருக்காது. 1949-ல் அந்த வயசு 15 ஆனது. 1978-ல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆனது. 2006-ல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தது. ஓட்டுப் போடும் வயசு 21-ஆக இருந்தது. 1989-ல் அதை 18 ஆக்கினார்கள். ஆகவே சட்டப்படி நான் இன்னும் சிறுமி. வெளியூர் பஸ்ஸில் மட்டும் எனக்கு முழு டிக்கெட்!

வீட்டில் தெரிவது:
நான் வளர்ந்துவிட்டேன் என்று எனக்கே தோன்றிய சில நேரங்கள்:

1. ஆயா மாத்திரை அட்டையை நீட்டி, "தேதி தாண்டிடுச்சா பாரும்மா" என்று கேட்டபோது.

2. பேங்கில் ஆயாவுக்குப் பணம் எடுக்கும் ஃபாரம் நான் எழுத, அவங்க கைநாட்டு வைத்தபோது. நான் எழுதிய எண்ணை நம்பி அவங்க விரலை வைத்தாங்க.

3. பௌர்ணமி கிரிவலத்தில், கூட்டத்தில் தம்பி கையை நான் பிடித்துக்கொண்டு நடந்தபோது. 14 கிலோமீட்டர். எனக்கும் கால் வலித்தது. நான் சொன்னால் அவன் உட்கார்ந்துவிடுவான் என்று சொல்லவில்லை.

4. குழம்பு கொஞ்சமாக இருந்த அன்று அம்மா "எனக்குப் பசிக்கல" என்றாங்க. அது பொய் என்று முதல்முறையாகத் தெரிந்தபோது.

இதுக்கெல்லாம் யாரும் பேனர் வைக்கவில்லை.

படிப்பை நிறுத்தலாமா?
போன வருஷம் சொந்தக்காரர் ஒருத்தர் எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அதான் பெரிய மனுஷி ஆயிடுச்சே. பத்தாவதோட நிறுத்திட்டு இடம் பாருங்க" என்றார். அப்பா ஒண்ணும் பேசவில்லை. நான் தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு, "மாமா, சட்டப்படி 18 ஆகணும். நான் நர்சிங் படிக்கப் போறேன்" என்றேன். குரல் நடுங்கியது. அவர் சிரித்தார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "நர்சிங்குக்கு பதினொண்ணாவதுல எந்த குரூப் எடுக்கணும்?" என்று கேட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2022-ல் தொடங்கினார்கள். வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

முடிவுரை:
வயசுக்கு வருவது தானாக நடக்கும். அதற்காக யாரையும் அவசரமாகப் பெரியவள் ஆக்க வேண்டாம். 18 வயசுக்குள் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால் டீச்சரிடம் சொல்லுங்கள். 1098-க்குப் போன் செய்தாலும் வருவார்கள். காசு கிடையாது.

நீங்கள் வளர்ந்துவிட்டதாக உணர்ந்த நேரம் எது? ஒரு சீட்டில் எழுதி வகுப்புத் தலைவியிடம் கொடுங்கள். பேர் போட வேண்டாம். அடுத்த இதழில் ஒட்டுவோம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி