உண்ணாநோன்பும் நீண்ட ஆயுளும்

“லங்கணம் பரம ஔஷதம்” என்னும் மொழி நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. காய்ச்சலோ அஜீரணமோ கண்டபோது வயிற்றுக்கு ஓய்வு அளிக்க வேண்டும் என்ற அளவில் மக்கள் அதனைக் கையாண்டு வந்தனர். இந்நாளிலோ அதனினும் பெரியதொரு கூற்று பரவியுள்ளது. நாள்தோறும் 16 மணி நேரம் உண்ணாதிருப்பவன் நோயின்றி நெடுங்காலம் வாழ்வான் என்றும், விஞ்ஞானம் இதனை மெய்ப்பித்துவிட்டது என்றும் பலர் கூறுகின்றனர். கேள்விப்பட்டோம் என்பதற்காகவோ, மரபு என்பதற்காகவோ, நூலில் உள்ளது என்பதற்காகவோ ஒன்றை ஏற்றுக்கொள்ளலாகாது எனப் பகவான் புத்தர் கேசபுத்தத்துக் காலாமர்க்கு அறிவுறுத்தினார். விஞ்ஞானத்தின் பெயரால் வரும் சொல்லுக்கும் அவ்விதி பொருந்தும். ஆதலின், இக்கூற்றுக்குள்ள ஆதாரம் யாது, அஃது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, விலங்குகளிடம் நடந்த சோதனைகள். அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே என்பாரும் அவர்தம் துணைவரும், உணவு குறைக்கப்பட்ட எலிகள் நீண்ட நாள் வாழ்ந்தமையை 1935-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆயின் அவ்வெலிகளுக்குக் குறைக்கப்பட்டது கலோரி மட்டுமே. வைட்டமின்களும் தாது உப்புக்களும் போதிய அளவு அளிக்கப்பட்டன. ஆகவே அதனைப் பட்டினி என்று கொள்ளுதல் தவறாகும்.

பின்னர் ரீசஸ் குரங்குகளிடம் இரண்டு நீண்ட சோதனைகள் நடைபெற்றன. குறைத்து உண்ட குரங்குகளுள் முதுமை நோய்களால் இறந்தவை குறைவு என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2009-இல் அறிவித்தனர். அமெரிக்க அரசின் தேசிய முதுமை ஆராய்ச்சி நிலையத்தாரோ, ஆயுள் கூடவில்லை என்று 2012-இல் அறிவித்தனர். இரு சாராரும் ஒன்றுகூடி ஆராய்ந்து 2017-இல் அளித்த விளக்கம் நமக்குப் பெரிதும் பயன்படும். குறைத்து உண்ணல் பொதுவில் நன்மை தருவதே என்றும், வயதும் உணவின் தன்மையும் பயனை மாற்றுகின்றன என்றும் அவர்கள் கண்டனர். விஸ்கான்சினில் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்ட குரங்குகள் சர்க்கரை மிகுந்த உணவை விரும்பியவாறு உண்டன. மற்றைய இடத்தில் ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் உணவு அளந்தே தரப்பட்டது. அளவின்றி உண்பதைவிடக் குறைத்து உண்பது நன்று என்பது இதனாற் புலனாகும். முன்னரே அளவோடு உண்பவர் மேலும் குறைத்தால் எவ்வளவு பயன் பெறுவர் என்பது வேறு வினா.

இரண்டாவது, நோபெல் பரிசு பற்றிய வாதம். ஓர் உயிரணு தன்னகத்துள்ள பழுதுற்ற பகுதிகளைத் தானே சிதைத்து மீண்டும் பயன்படுத்தும் முறையை விளக்கியமைக்காக ஜப்பானியராகிய யோஷினோரி ஓசுமி 2016-இல் அப்பரிசைப் பெற்றார். அவர்தம் அடிப்படை ஆராய்ச்சி ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் நடந்தது. உண்ணாநோன்பு மனிதனுடைய ஆயுளை நீட்டும் என்பதற்கு அப்பரிசு சான்றாகாது.

மூன்றாவது, மனிதரிடம் நடந்த சோதனைகள். அமெரிக்காவில் உடற்பருமன் இல்லாத 200-க்கும் மேற்பட்டோர் ஈராண்டுக் காலம் உணவைக் குறைத்தனர் அல்லது வழக்கம்போல் உண்டனர். குறைக்க முயன்றோர்க்கு வகுத்த இலக்கு 25 விழுக்காடு. அவர்களால் இயன்றது ஏறத்தாழ 12 விழுக்காடு. அவர்களுக்கு இரத்த அழுத்தமும் கொழுப்பும் சீரடைந்தன. எலும்பின் அடர்த்தியோ சிறிது குறைந்தது. சீனத்தின் குவாங்சௌ நகரில் பருமன் மிகுந்த 139 பேர் ஓராண்டு உணவைக் குறைத்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் காலை 8 மணி முதல் மாலை 4 மணிக்குள் மட்டுமே உண்டனர். 2022-இல் வெளிவந்த முடிவின்படி இரு பகுதியினருக்கும் எடை குறைந்தது. நேரக் கட்டுப்பாட்டினால் குறிப்பிடத்தக்க தனிப்பயன் காணப்படவில்லை.

இவற்றால் நாம் அறிவது யாது? எடை குறைதல் ஒன்று. இரத்தம் சீரடைதல் மற்றொன்று. ஆயுள் நீளல் வேறொன்று. முன்னைய இரண்டுக்கும் சான்று உண்டு. மூன்றாவது மனிதரிடம் மெய்ப்பிக்கப்படவில்லை. எண்பது ஆண்டு வாழும் உயிரை ஈராண்டுச் சோதனையால் அளத்தல் இயலாதன்றோ?

இவ்வேறுபாட்டை மறப்பதனால் தீங்கு விளையும். நீரிழிவுக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ கொள்பவர் உணவை விட்டால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். கருவுற்ற தாய்மார், வளரும் குழந்தைகள், மெலிந்த முதியோர் ஆகியோர்க்கும் நெடும்பட்டினி ஆகாது. இத்தகையோர் மருத்துவரைக் கேளாமல் நோன்பு தொடங்குதல் கூடாது. மேலும், வறுமையால் ஒருவேளை மட்டும் உண்ணும் ஏழையின் பசி விரதமுமன்று, ஆயுள் மருந்துமன்று. எலிகளுக்கு அளிக்கப்பட்ட சத்துக்கூட அவன் தட்டில் இல்லை. அவன் குறையைத் தீர்க்க வேண்டிய சமூகம் அவனுக்கு நோன்பின் பெருமையைக் கூறலாகாது.

அங்ஙனமாயின், உபோசத நாளில் நண்பகலுக்குப்பின் உண்ணாமை பயனற்றதோ எனின், அன்று. அச்சீலம் மனத்தை அடக்கிப் பழகுதற்கு உரியது. நூறாண்டு வாழ்வைக் கூலியாகக் கேட்பது அதன் நோக்கமன்று. கோசல மன்னன் பசேநதி துரோண அளவு சோறுண்டு மூச்சுத் திணறி வந்தமர்ந்தபோது, பகவான் அவனைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. உணவில் அளவறிவோனுக்கு நோவு குறையும், மூப்பும் மெல்ல வரும் என்ற கருத்தையே உணர்த்தினார். அதனை உணவு வேளைதோறும் சுதஸ்ஸனன் என்னும் இளைஞன் சொல்லிவரக் கேட்டு, மன்னன் சிறிது சிறிதாகக் குறைத்து நாழியளவில் நின்று நலம் பெற்றான் என்று சம்யுத்த நிகாயம் கூறும். அளவறிதல் என்னும் அவ்வறிவுரைக்கு இன்றைய ஆராய்ச்சி ஓரளவு துணை நிற்கிறது. அதற்கு அப்பாற்பட்ட வாக்குறுதிகளை ஆதாரம் கிடைக்கும்வரை ஏற்காதிருப்பதே அறிவுடைமை.